கிளி மார்க் கத்தி

காலை 10.20

ஏழாவது ரோலை அறுக்கும்போது கத்தி ஒடிந்தது.

பெரிய சத்தமில்லை. 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி சோணைமுத்து வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். பேண்டேஜ் கம்பெனியில் கட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. கட்டத் தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு ரோலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

1993 செப்டம்பர், ஒரு திங்கட்கிழமை. ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகும் சாலையில் இருந்த மங்கை பேண்டேஜ் கம்பெனியில் அன்றைக்கு ஒரு போட்டி. வாழைத்தண்டு கனத்துக்கு இறுக்கிச் சுற்றிய துணியை இரண்டு இரண்டு அங்குலமாக அறுக்க வேண்டும். ஒன்றரை அடி நீளக் கத்தி. வலது கையால் பிடியைப் பிடித்து, இடது கைச் சுட்டுவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து அழுத்தினால் ரோல் பிசிறில்லாமல் விழும்.

ஒரு மேஜையில் சோணைமுத்து. அவர் கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் அங்காளம்மாள் பட்டறையில் அடித்த கிளி மார்க் கத்தி. பக்கத்து மேஜையில் இருளம்மாள். அவள் கையில் ஜமால் முகமது ஒர்க்‌ஷாப்பின் மிஷின் கத்தி. எது ஜெயிக்கிறதோ அந்த இடத்துக்கு இனி வருஷா வருஷம் கம்பெனியின் கத்தி ஆர்டர் என்று முதலாளியம்மா கிருபாபாய் சொல்லியிருந்தார்.

இப்போது ஆர்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. "அந்தப் பட்டறைக்காரியை உள்ள தள்ளணும்" என்பதுதான் கூடம் முழுக்கப் பேச்சு.

காலை 11.05

சப்-இன்ஸ்பெக்டர் நூர்னிசா ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஜமால் பாயும் இந்தம்மாவும் ஒரே தெரு. கேஸ் எந்தப் பக்கம் சாயும்னு தெரியாதாக்கும்?"

நூர்னிசா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு முப்பத்திரண்டு வயது. யாராவது முதுகுக்குப் பின்னால் பேசினால், அதை நன்றாகக் கேட்டுக்கொண்டு கேட்காத மாதிரி நடப்பது அவருக்குக் கைவந்த கலை. ஏட்டு பால்சாமிக்கு அந்தக் கலை வராது. அவர் திரும்பி முறைத்துவிட்டுத்தான் வந்தார்.

மேஜைமேல் ஒடிந்த கத்தி இரண்டு துண்டாகக் கிடந்தது. பூவரச மரப் பிடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு. மற்றது மீதி அலகு. பிடிக்கு ஒரு அங்குலம் மேலே, கிளி முத்திரையின் கழுத்துக்குக் குறுக்கே ஒடிந்திருந்தது. கிளியின் தலை ஒரு துண்டில், வால் ஒரு துண்டில்.

நூர்னிசா குனிந்து பார்த்தார். முத்திரை பளிச்சென்று இருந்தது. கிளியின் மூக்கு, இறக்கைக் கோடு எல்லாம் வெள்ளிக்காசில் அச்சடித்த மாதிரித் துலக்கம்.

"எம்புட்டு அழகா குத்தியிருக்கா பாருங்க" என்றார் கிருபாபாய். "அழகு இருந்து என்ன செய்ய? என் ஆளு கை போச்சே."

"கத்தி எப்ப வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்காளம்மாளே கொண்டாந்து சோணைமுத்து கையில குடுத்தா. புதுக் கத்தி கைக்குப் பழகணும்னு அறுக்கிறவங்க ரெண்டு நாள் வீட்டுல வச்சிருப்பாங்க. எண்ணெய் போட்டு, வாழைமட்டையை அறுத்துப் பாப்பாங்க. எங்க வழக்கம் அது."

"அப்ப மூணு ராத்திரி அவர் வீட்டுல இருந்திருக்கு. மிஷின் கத்தி?"

"இன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வந்துச்சு. பன்னெண்டு கத்தி."

நூர்னிசா ஒரு மிஷின் கத்தியை எடுத்து ஒடிந்த அலகுக்குப் பக்கத்தில் வைத்தார். நீளம், வளைவு, முதுகில் நடுவே இருந்த சின்னப் பள்ளம், எல்லாம் ஒன்றுபோல இருந்தன.

"அளவு நீங்க குடுத்ததா?"

"நீளம், அகலம் மட்டும் சொன்னேன். வளைவெல்லாம் அவங்கவங்க சாமர்த்தியம்."

பால்சாமி எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் கிளிக்கத்தி ஒண்ணு கெடக்கும்மா. பதினாலு வருசமா ஒடியல. ஆனா அது கரிக்கிளி. எம் பொஞ்சாதி புளி போட்டுத் தேச்சுப் பாத்துட்டா, வெளுக்கவே மாட்டேங்குது."

"ஏட்டய்யா, கேஸைப் பாருங்க. பாத்திரம் தேய்க்கிறதைப் பொறவு பாத்துக்கலாம்."

பின்னாளில் இந்த வார்த்தைக்காக நூர்னிசா பால்சாமிக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுக்க வேண்டி வந்தது.

இருளம்மாள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். நூர்னிசா அவளிடம் போனார்.

"மிஷின் கத்தி எப்படி?"

"நல்லாத்தான் அறுக்குது. எட்டு ரோல் அறுத்தேன், கூர் மழுங்கல. ஆனா முதுகுல பள்ளம் ஒண்ணு வச்சிருக்காங்க பாருங்க, விரல் வைக்கவாம். என் விரல் அதுல எங்க உக்காருது? நழுவிக்கிட்டே இருக்கு."

நூர்னிசா தன் சுட்டுவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் உட்காரவில்லை. பள்ளம் ரொம்பக் குட்டை.

அதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"என்னம்மா யோசனை? ஒடிஞ்ச துண்டை சீல் வச்சு ஸ்டேஷனுக்கு அனுப்பு. பட்டறைக்காரி மேல கேஸ் போடு. கூட்டம் ரோட்டுக்கு வந்துரும். ஆறு மணிக்கு எஃப்.ஐ.ஆர். என் மேஜையில இருக்கணும்."

"இருக்கும் சார்" என்றார் நூர்னிசா. யார் பேரில் இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

பகல் 12.10

ஜமால் முகமதுவின் ஒர்க்‌ஷாப் பெரிய கடைவீதியைத் தாண்டி இருந்தது. உள்ளே சிமெண்டுத் தரை கண்ணாடி மாதிரி. சுவரில் எண்ணெய்க் கறைகூட இல்லை. நடுவில் பச்சை வண்ணம் அடித்த காப்பி கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜமாலுக்கு ஐம்பது வயது. வெள்ளைச் சட்டையில் ஒரு கறையில்லாமல் இரும்பு வேலை செய்கிறவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"வாங்கம்மா. ஊரே என்னையத்தான் சந்தேகப்படுதாமே? போட்டின்னா ஜெயிக்கப் பாப்பேன். அடுத்த ஆள் கத்தியை ஒடிக்க எனக்கு என்ன தலையெழுத்தா?"

"மிஷினைக் காட்டுங்க."

கேட்டதே போதும். ஜமாலின் முகம் மலர்ந்துவிட்டது. மிஷினின் இடது பக்கம் ஒரு கத்தி அலகு கிரீஸ் பூசி, கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பை ஒரு இரும்பு ஊசி தொட்டுத் தொட்டு ஊர்ந்தது. ஊசி எப்படிப் போகிறதோ அப்படியே வலது பக்கம் சாணைக்கல் போய், வெறும் இரும்புப் பட்டையைக் கத்தியாக்கியது.

"இதான் மாஸ்டர். ஊசி இதைத் தடவிப் பாக்கும், கல்லு அப்படியே வெட்டும். பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு கத்தி. முடி அளவு மாறாது."

"மாஸ்டர் தேஞ்சா? காப்பியையே மாஸ்டரா வச்சுக்கலாமா?"

"ஆகாதும்மா. டூப்ளிகேட் சாவியை வச்சு இன்னொரு டூப்ளிகேட் போட்டா பூட்டு திறக்குமா? கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு வேற என்னமோ ஆயிரும். மிஷினுக்கு அசல் வேணும்."

"இந்த மாஸ்டரைச் செஞ்சது யாரு?"

"நம்ம ஃபிட்டர் சங்கையா. மூணு மாசமா அந்த வளைவு வராம மண்டையை உடைச்சுக்கிட்டான். அக்கா மக நிக்காவுக்கு நான் வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போயிட்டேன். நேத்து ராத்திரி வந்து பாத்தா கத்தி பன்னெண்டும் ரெடி. அரத்தால ராவியே மாஸ்டர் எடுத்துட்டேன்கான். கெட்டிக்காரன்."

சங்கையா மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். நாற்பது வயதிருக்கும். நிமிர்ந்த ஆள். வலது கைக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தான். பேண்டேஜ் நெய்கிற ஊரில் கட்டுப் போட்ட விரலை யாரும் விசாரிப்பதில்லை. நூர்னிசா விசாரித்தார்.

"விரல்ல என்ன?"

"சாணைக்கல்லுல பட்ருச்சும்மா."

"கத்திக்குப் பதம் எங்க போடுறீங்க? அடுப்பையே காணோமே."

ஜமால் முந்திக்கொண்டார். "இங்க நெருப்புங்கிற பேச்சே கிடையாது. பட்டை பதம் போட்டே வருது. டீ கூட எதிர்க் கடையிலதான். பட்டறை வேற, ஒர்க்‌ஷாப் வேறம்மா."

பகல் 1.40

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளைத் தாண்டி, கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு சந்து. சந்துக்குள் நுழையும் முன்பே சுத்தியல் சத்தம் கேட்டது. வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். தென்னை ஏறுகிறவர், கறிக்கடைக்காரர், வாழைத்தோப்புக்காரர். ஆளுக்கு ஒரு கத்தி ஆர்டர். பட்டறைக்குக் கூட்டம் குறையவில்லை.

அங்காளம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. சேலையை வரிந்து கட்டி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை. போலீசைப் பார்த்ததும் அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"செத்த நேரம் பொறுங்கம்மா. இரும்பு ஆறிரும்."

சிவந்த இரும்பை அடைகல்லில் வைத்தாள். முதல் வேலையாக முத்திரை உளியை வைத்து ஒரே அடி. இரும்பில் கிளி உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அலகைத் தட்டி நீட்டினாள். மறுபடி சூடாக்கி, பதம் ஏற எண்ணெயில் முக்கினாள். அது புகைந்து அடங்கியதும் நிமிர்ந்தாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். எங் கத்தி ஒடியாது."

"ஒடிஞ்சிருச்சே."

"அப்ப அது எங் கத்தி இல்ல. துண்டைக் கொண்டாங்க, எங் கண்ணால பாக்கணும்."

"சீல் வச்சாச்சு. கத்தி செஞ்சவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

அங்காளம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "இருபத்தியாறு வருசமாக் கிளி குத்துறேன். நாளைக்கு ஒருத்தன் இந்தக் கத்தியைக் கையில எடுக்கும்போது, இது கையை அறுக்கிற கத்தியோன்னு ஒரு நொடி பயந்தாம்னு வைங்க, அம்புட்டுத்தான். நான் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். ஜெயிலுக்கு நான் பயப்படல. அந்த ஒரு நொடிக்குத்தான் பயம்."

நூர்னிசா சுவரோரப் பலகையைப் பார்த்தார். வரிசையாகக் காய்ந்த களிமண் உருண்டைகள். ஒவ்வொன்றிலும் விரல் பதிந்த தடம். ஒவ்வொன்றிலும் ஒரு பேர்.

"இது என்ன?"

"ஆளுக்கு ஒரு கத்தி. ஈர மண்ணை ரெண்டு கையாலயும் அமுக்கச் சொல்லி வாங்கிக்குவேன். எந்த விரல் எங்க அழுத்துது, எது அழுத்தலன்னு மண்ணு சொல்லிரும். அதுக்கு ஏத்த மாதிரி பிடியும் அலகும். பிடியில அலகைச் சொருகி அரக்கை உருக்கி ஊத்துவேன். செங்கல் பொடி கலந்த செவப்பு அரக்கு."

'சோணைமுத்து' என்று எழுதிய உருண்டைகள் இரண்டு இருந்தன. வலது கைத் தடம் ஆழமாக இருந்தது. இடது கைத் தடத்தில் நான்கு விரல் முழுசு. சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் குட்டையாக, உருண்டையாக ஒரு குழி.

நூர்னிசா அதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பலகையில் விற்பனைக்கு இருந்த கத்திகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அலகெல்லாம் சாணை பிடித்துப் பளபளவென்று இருந்தது. கிளி மட்டும் எல்லாவற்றிலும் கறுப்பு.

"ஏட்டய்யா" என்றார் நூர்னிசா மெதுவாக, "உங்க வீட்டம்மா புளி போட்டு எத்தனை நாள் தேச்சாங்க?"

பால்சாமி விழித்தார்.

மாலை 3.30

ராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரி. சோணைமுத்துவின் வலது கையில் பதினோரு தையல். ஒரு நரம்பை இழுத்துத் தைத்திருந்தார்கள். விரல் மடங்குமா என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல இடது கை போர்வைமேல் கிடந்தது. சுட்டுவிரலில் பாதிதான் இருந்தது.

"அது எப்பப் போச்சு?"

"பஞ்சு மில்லுல வேலை பாக்கும்போதும்மா. பத்து வருசமாச்சு."

"கத்தி வெள்ளிக்கிழமையில இருந்து உங்க வீட்டுலதான் இருந்துச்சா?"

"ஆமா."

"வெளிய போகலையா?"

"இல்ல."

"யார்கிட்டயும் குடுக்கலையா?"

"இல்லம்மா."

மூன்று பதிலையும் அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். கட்டிலுக்குக் கீழே ஒரு பெண் அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க யாரு?"

"இவன் அக்கா. மாரியாத்தாள். எங்க வீட்டுக்காரரும் கத்திக் கம்பெனியிலதான் ஃபிட்டரா இருக்காவ. ஜமால் பாய்ட்ட. சங்கையான்னு பேரு. மச்சினனுக்கு இப்படி ஆயிருச்சுன்னு காலையில இருந்து அவிய பச்சைத்தண்ணி குடிக்கலம்மா."

சோணைமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

நூர்னிசா எழுந்தார். மணி நாலு ஆகவில்லை. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

மாலை 5.00

ஜமாலின் ஒர்க்‌ஷாப்பில் மிஷின் நின்றிருந்தது. கிருபாபாய் வந்திருந்தார். அங்காளம்மாள் கரிச் சட்டையோடு அந்தச் சிமெண்டுத் தரையில் நின்றாள். மிஷினை மேலும் கீழும் பார்த்தாள், முகத்தில் வெறுப்பு இல்லை. சங்கையா சுவரில் சாய்ந்திருந்தான். மேஜைமேல் சீல் வைத்த துணிப்பொட்டலம். அதை ஸ்டேஷனிலிருந்து வாங்கிவரப் பால்சாமி பட்ட பாடு தனிக் கதை.

நூர்னிசா எல்லார் முன்னாலும் சீலை உடைத்தார்.

"முதல்ல கிளி. அங்காளம்மா, கிளியை நீ எப்பக் குத்துவ?"

"இரும்பு சிவந்திருக்கும்போது. முதல் அடியே அதான்."

"பொறவு அது எத்தனை தடவை நெருப்புல போகும்?"

"நாலு, அஞ்சு தடவை."

"அலகுல சாணை படும். கிளி பள்ளத்துக்குள்ள இருக்கு, அங்க சாணைக்கல் எட்டாது. நெருப்புக் கறுப்பு உள்ளயே தங்கிரும். அதான் ஏட்டய்யா வீட்டுல புளி போட்டும் வெளுக்கல. இந்தக் கிளியைப் பாருங்க." ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "வெள்ளைவெளேர்னு இருக்கு. இது நெருப்பையே பாக்காத கிளி. பதம் போட்ட இரும்புல, ஆறின பொறவு, சுத்தியலால ஓங்கிக் குத்தினது. அந்த அடியிலயே கண்ணுக்குத் தெரியாம விரிசல் விட்டிருக்கு. ஒடிஞ்சது எங்க? சரியா கிளி கழுத்துல."

அங்காளம்மாள் துண்டை வாங்கிப் பார்த்தாள். "பிடி என்னுது. இரும்பு என்னுது இல்ல" என்றாள். அப்புறம், கேட்பாரில்லாமலே, "பதம் போடாத பச்சை இரும்புல கூடக் கிளியை இப்படிக் குத்தப்படாது" என்றாள். அந்த அநியாயம்தான் அவளுக்கு முதலில் பட்டது.

கிருபாபாய் ஜமாலை ஒரு பார்வை பார்த்தார். ஜமால் முகம் சிவந்தது.

"என்னையப் பாக்காதீங்க! நான் மதுரையில இருந்தேன்."

"உங்களைச் சொல்லல" என்றார் நூர்னிசா. "நெருப்பு வேலை தெரிஞ்சவன் ஆறின இரும்புல முத்திரை குத்த மாட்டான். பதம் போட்ட பட்டையிலேயே வேலை பாத்துப் பழகினவன்தான் குத்துவான். கிளி உளி வெட்டுறதும் நல்ல ஃபிட்டருக்கு ஒரு மணி நேர வேலை."

சங்கையா கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அடுத்தது, இந்தப் பன்னெண்டு கத்தி. முதுகுல பள்ளம். ஜமால் பாய், இது எதுக்கு?"

"விரல் வைக்க. சங்கையாதான் சொன்னான்."

"வச்சுப் பாருங்க."

ஜமால் வைத்தார். கிருபாபாய் வைத்தார். யார் விரலும் உட்காரவில்லை. நூர்னிசா பையிலிருந்து ஒரு களிமண் உருண்டையை எடுத்தார். சோணைமுத்துவின் இடது கைத் தடம். பாதி விரல் பதிந்த அந்தக் குட்டைக் குழியைக் கத்திப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே நீளம்; ஒரே உருண்டை.

"உலகத்துலயே இந்தப் பள்ளம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வேணும். மில்லுல விரலைப் பறிகொடுத்த சோணைமுத்துக்கு. அங்காளம்மா அவருக்காக அடிச்சது. மிஷினுக்கு அது தெரியுமா? ஊசி தடவிச்சு, கல்லு வெட்டிச்சு. ஒரு ஆளோட அரை விரலுக்குப் பன்னெண்டு கத்தியிலயும் இடம் போட்டு வச்சிருச்சு."

நூர்னிசா மிஷின் பக்கம் போனார்.

"ஜமால் பாய், அந்தக் கிளாம்பைக் கழட்டுங்க."

ஜமால் ஸ்பானரை எடுத்தார். நட்டு கழன்றது. மாஸ்டரை வெளியே எடுத்து, தன் வெள்ளைச் சட்டையின் முனையால் கிரீஸைத் துடைத்தார். கிளாம்புக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் ஒரு கிளி இருந்தது. கரிக்கிளி.

அங்காளம்மாள் கையை நீட்டி அலகை வாங்கி, இரண்டு விரலால் சுண்டினாள். 'ணிங்'கென்று நீளமாக ஒரு நாதம் எழுந்து அடங்கியது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"சங்கையா, கட்டை அவுக்குறியா, நான் அவுக்கவா?" என்றார் நூர்னிசா.

அவனே அவிழ்த்தான். கட்டைவிரலில் சிராய்ப்பு இல்லை. காசு அளவுக்கு ஒரு தீக்கொப்புளம். நக இடுக்கில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சாணைக்கல் தோலை உரிக்கும். கொப்புளம் போடாது. டீ அடுப்புகூட இல்லாத ஒர்க்‌ஷாப்புல உனக்குத் தீக்காயம் எப்படி வந்துச்சு? பிடியில இருந்து அலகை உருவ அரக்கைச் சூடுபண்ணியிருக்க. உருகின அரக்கு விரல்ல விழுந்திருக்கு. செங்கல் பொடி கலந்த செவப்பு அரக்கு."

சங்கையா சுவரிலிருந்து விலகி நின்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் போலத்தான் பேசினான்.

"சனிக்கிழமை மச்சினன்ட்ட ஒரு நாளைக்குக் கேட்டேன். பாத்துட்டுத் தாரேம்னு. குடுத்தான். மூணு மாசம்மா. எம்புட்டுத்தான் ராவினாலும் அந்த வளைவு வரல. அந்தக் கத்தியை மிஷின்ல மாட்டினேன், முதல் தடவையே வந்துச்சு. திங்கக்கிழமை ஆர்டர் கிடைச்சா தொடர்ந்து அடிக்கணும். மாஸ்டரை எப்படித் திருப்பிக் குடுக்க? முதல் காப்பியை எடுத்து, கிளி குத்தி, அந்தப் பிடியிலயே சொருகிக் குடுத்தேன். கையை அறுக்கணும்னு நான் நெனைக்கலம்மா. ரெண்டும் ஒண்ணுதானே? ஒரு நூல் வித்தியாசம் கிடையாது."

"ரெண்டும் ஒண்ணா?" நூர்னிசாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "ஒண்ணுன்னா காப்பியை மிஷின்ல வச்சுக்கிட்டு அசலை மச்சினன்ட்ட குடுத்திருக்கலாமே? மிஷினுக்கு மட்டும் அசல் வேணும். மச்சினன் கைக்குக் காப்பி போதுமா?"

சங்கையா தலை கவிழ்ந்தான்.

"சோணைமுத்து உன்னையக் காட்டிக் கொடுக்கல. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் பொய் சொன்னாரு. தன் கையையே பறிகொடுத்துட்டு ஒருத்தன் யாருக்காகப் பொய் சொல்வான்? ஜமால் பாய்க்காகவா? அக்கா புருஷனுக்காகத்தான் சொல்வான். அந்தப் பொய்தான் உன் பக்கம் கையைக் காட்டுச்சு."

ஐந்து ஐம்பதுக்கு எஃப்.ஐ.ஆர். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனது. போலி முத்திரை, அஜாக்கிரதையால் காயம். பெயர்: சங்கையா.

வாசலில் ஜமால் அங்காளம்மாளை நிறுத்தினார். ஒருவழியாகச் சொன்னார்: "எம் மிஷின் கத்தி ஒண்ணும் ஒடியலம்மா. அதையும் நீ பாக்கணும்."

"பாத்தேன். நல்ல மிஷின்" என்றாள் அவள். "நேரா வந்து கேட்டிருந்தா மாஸ்டர் அடிச்சுக் குடுத்திருப்பேன், எல்லார் விரலுக்கும் பொதுவா. இப்பவும் கேளுங்க, தாரேன். கத்தி தாரேன். கிளி மட்டும் தர மாட்டேன்."

கிருபாபாய் அந்த வருஷ ஆர்டரை அவளுக்கே கொடுத்தார். அசல் கத்தி மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. சாட்சிப் பொருளாகக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. "அது அங்க உக்காந்து என்னத்த அறுக்கப் போகுது?" என்று அவள் பால்சாமியிடம் சண்டை பிடித்தாள்.

மூன்று வாரம் கழித்து, அக்டோபரில் ஒரு நாள் காலை 9.15

சோணைமுத்துவின் கட்டைப் பிரித்திருந்தார்கள். உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு. அங்காளம்மாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் எதிரே உட்கார்ந்து, ஈரத் துணியில் சுற்றி வந்த களிமண்ணைப் பிரித்தாள். டாக்டரிடம் ஏதோ கையெழுத்து வாங்க வந்த நூர்னிசா தூணோரம் நின்றார்.

"கையில எடுத்ததும் எங் கத்தி இல்லன்னு தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள் அங்காளம்மாள்.

"தெரிஞ்சுச்சுக்கா. மேஜையில வச்சு முதல் ரோல் அறுக்கும்போதே. கனம் வேற."

"பொறவு ஏலே அறுத்த?"

"நாப்பது பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. சொன்னா மச்சான் மாட்டிக்கிடும். அக்கா முகம் தெரிஞ்சுச்சு. ஒரு நாள்தானே, சமாளிச்சுருவோம்னு நெனைச்சேன்."

"எங் கிளி பேர் கெட்டிருக்கும்லே."

"அதை நெனைக்கல. தப்புத்தான்க்கா."

அவள் மண்ணை அவர் வலது கையில் வைத்தாள். "அமுக்கு."

சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். நான்கு விரல் பதிந்தது. கட்டைவிரல் தொட்டது, அழுந்தவில்லை. அவர் முகம் வாடியது. அங்காளம்மாள் உருண்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை மாறிப்போச்சு. பழைய பிடி ஆகாது. கட்டைவிரலுக்கு இங்க ஒரு மேடு வச்சுருவோம், அதுவே தாங்கிக்கும்."

ஆணியை எடுத்துக் களிமண்ணில் அவர் பேரை எழுதினாள். ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனாள்.